முக்கோணத்தை நகர்த்திய கை யாருடையது?

ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1944-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரி மாணவிகளுக்கு அவர்கள் போட்டுக்காட்டிய படம் இரண்டரை நிமிடம்தான் ஓடும். அதில் மனிதர்கள் கிடையாது. ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு சின்ன வட்டம், கதவு மாதிரித் திறந்து மூடும் ஒரு பகுதியோடு ஒரு செவ்வகம். வடிவங்கள் நெருங்குகின்றன, விலகுகின்றன, முட்டுகின்றன. அவ்வளவுதான் படம். பார்த்ததை எழுதச் சொன்னபோது, 34 பேரில் ஒரே ஒருவர்தான் முக்கோணம் செவ்வகத்துக்குள் போனது, வெளியே வந்தது என்று வடிவக்கணக்காக எழுதினார். மற்ற அத்தனை பேரும் எழுதியது உயிருள்ளவர்களின் கதை. பெரிய முக்கோணம் அடாவடி செய்கிறது, சின்னது எதிர்த்து நிற்கிறது, வட்டம் பயந்து ஒதுங்குகிறது.

முகம் இல்லை, கண் இல்லை, குரல் இல்லை. இருந்தது அசைவு மட்டும்தான். எவ்வளவு வேகம், எந்த இடத்தில் தயக்கம், எங்கே திடீர்த் திருப்பம் என்ற மூன்று விஷயங்களை வைத்துக்கொண்டே கோபம், பயம், தந்திரம் எல்லாவற்றையும் நாம் கண்டுபிடித்துவிடுகிறோம். அடுத்தவர் என்ன நினைக்கிறார், என்ன செய்யப்போகிறார் என்று ஊகிக்கும் இந்தத் திறனைத்தான் உளவியலில் சமூக அறிதிறன் என்கிறார்கள். ஆட்டிசம் பற்றிய ஆய்வுகளில் கடந்த நாற்பது ஆண்டுகளாக மையத்தில் இருப்பது இதுதான்.

அந்த நாற்பது ஆண்டுக் கதை தொடங்குவது 1985-ல், லண்டனில். சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் மூவரும் குழந்தைகளுக்கு இரண்டு பொம்மைகளை வைத்து ஒரு சிறு நாடகம் காட்டினார்கள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறாள். திரும்பி வரும் சாலி கோலியை எங்கே தேடுவாள்? கூடையில்தான் தேடுவாள், இடம் மாறியது அவளுக்குத் தெரியாதே. இதைச் சொல்ல, சாலியின் மனதுக்குள் இருக்கும் தவறான நம்பிக்கையைக் குழந்தை ஊகிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். அறிவு வளர்ச்சியில் பின்தங்கியிருந்த, டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 குழந்தைகளிலோ 12 பேர் சரியாகச் சொன்னார்கள். ஆக, இது பொதுவான அறிவுத்திறன் பிரச்சினை இல்லை, பிறர் மனதை ஊகிப்பதில் மட்டும் இருக்கும் தடை என்று மூவரும் முடிவு செய்தார்கள்.

2000-ஆம் ஆண்டில் பழைய முக்கோணங்கள் திரும்பி வந்தன. அமெரிக்காவில் அமி கிளின் அதே ஹைடர்-சிம்மல் படத்தை, நன்றாகப் பேசக்கூடிய ஆட்டிசம் உள்ளவர்களிடம் போட்டுக்காட்டினார். அவர்கள் சொன்ன விவரிப்புகளில் உணர்ச்சியும் உறவும் குறைவு. லண்டனில் ஊட்டா ஃபிரித்தும் ஃபிரான்செஸ்கா ஹாப்பேயும் தங்கள் குழுவோடு புதிய முக்கோணப் படங்களைத் தயாரித்தார்கள். ஒரு முக்கோணம் இன்னொன்றைக் கேலி செய்யும், ஒன்று மற்றொன்றை நயந்து பேசி வெளியே கூட்டிவரும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் இதிலும் பின்தங்கினார்கள். அடுத்தவர் மனம் தெரியாதவர்கள் என்ற முத்திரை இன்னும் ஆழமாகப் பதிந்தது.

இந்தச் சோதனைகளில் எல்லாம் ஒரு கேள்வி விடுபட்டுப்போயிருந்தது. அந்த முக்கோணங்களை நகர்த்தியது யார்? ஆட்டிசம் இல்லாதவர்கள் தங்கள் கற்பனைக்கு ஏற்றபடி, தங்கள் கை எப்படிக் கோபப்படுமோ அப்படி நகர்த்தியிருந்தார்கள். ஆட்டிசம் உள்ளவர் ஒருவர் முக்கோணத்தை நகர்த்தினால் மற்றவர்களுக்கு அது புரியுமா?

கேட்டுப் பார்க்க 2016 வரை ஆனது. லண்டனில் ரோசன்னா ஈடி, கிளேர் பிரஸ், ஜெனிஃபர் குக் உள்ளிட்ட குழுவினர், ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமும் இல்லாதவர்களிடமும் இரண்டு முக்கோணங்களைக் கொடுத்து, கேலி, நயமாக இணங்கவைத்தல் போன்ற மனநிலைகளை அசைவிலேயே காட்டச் சொன்னார்கள். அந்த அசைவுகளைப் படமாக்கி இரு தரப்பினருக்கும் காட்டினார்கள். ஆட்டிசம் இல்லாதவர்கள் தங்களைப் போன்றவர்கள் செய்த படத்தைச் சரியாகப் படித்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் செய்த படத்தில் தடுமாறினார்கள். அதாவது, 'பிறர் மனம் தெரியவில்லை' என்று ஒரு தரப்பின் மேல் மட்டும் சொல்லிவந்த குறை எதிர்த்தரப்பிலும் இருந்தது. ஆட்டிசம் பற்றிய உளவியலில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு முக்கியமான சோதனைகள் அதிகம் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஆட்டிசம் உள்ளவர்கள், தங்களைப் போன்றவர்களின் படங்களை மட்டும் தனியாகச் சிறப்பாகப் படித்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள ஒருவரின் அசைவு இன்னொருவரின் அசைவைப் போலவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆளுக்கு ஆள் வேறுபாடு அங்கே அதிகம் என்பது அதற்கு ஒரு விளக்கம்.

அந்த அசைவில் அப்படி என்ன வித்தியாசம்? இதைப் புரிந்துகொள்ள ஜெர்க் என்ற ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் போதும். இடம் மாறும் வீதம் வேகம். வேகம் மாறும் வீதம் முடுக்கம். முடுக்கம் மாறும் வீதம்தான் ஜெர்க். நல்ல டிரைவர் ஓட்டும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் கம்பியை இறுக்கிப் பிடிக்கத் தேவையிருக்காது; வேகம் ஏறுவதும் இறங்குவதும் தெரியாமல் நடக்கும். புதிதாகப் பழகும் டிரைவர் அதே வேகத்தில்தான் போவார், ஆனால் வண்டி ஜெர்க் அடித்துக்கொண்டே இருக்கும். மனிதக் கை இயல்பாகவே முதல் வகை டிரைவர். டம்ளரை எடுக்க நீளும் கை மெதுவாகக் கிளம்பி, நடுவழியில் வேகம் பிடித்து, டம்ளரை நெருங்கும்போது தணியும். ஜெர்க் எவ்வளவு குறைவாக இருக்க முடியுமோ அவ்வளவு குறைவாக இருக்கும்படியே மூளை இந்தப் பாதையைப் போடுகிறது என்று 1985-ல் தாமர் ஃபிளாஷ், நெவில் ஹோகன் இருவரும் கணித வடிவில் காட்டினார்கள்.

இதை ஆட்டிசத்தோடு இணைத்தது 2013-ல் ஜெனிஃபர் குக், சாரா-ஜேன் பிளேக்மோர், கிளேர் பிரஸ் செய்த ஆய்வு. ஆட்டிசம் உள்ள 14 பெரியவர்கள், இல்லாத 15 பேர். கையை நீட்டிப் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் வீசுவது மட்டுமே வேலை. பொருளை எடுக்க வேண்டாம், குறி பார்க்க வேண்டாம், யாரையும் போலச் செய்யவும் வேண்டாம். இவ்வளவு சாதாரணமான வீச்சிலும் ஆட்டிசம் உள்ளவர்களின் கையில் வேகம், முடுக்கம், ஜெர்க் மூன்றும் கூடுதலாக இருந்தன. இதை வெறுங்கண்ணால் அல்ல, கருவியால் அளந்தார்கள். அடுத்த கட்டத்தில் அதே ஆட்களுக்குத் திரையில் ஒரு கையின் அசைவைக் காட்டி, இது இயல்பாக இருக்கிறதா என்று கேட்டார்கள். யாருடைய கை அதிகம் விலகி அசைந்ததோ, அவர்களே மற்றவர்களுக்கு இயல்பாகத் தெரிந்த அசைவை 'இயல்பில்லை' என்று சொல்லும் போக்கு உடையவர்களாக இருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் அடுத்தவர் அசைவைப் படிப்பது ஏதோ ஒரு பொது அகராதியைப் பார்த்து அல்ல, நம் உடம்பு பழகிய அசைவை வைத்துத்தான் என்று இந்த முடிவு காட்டுகிறது. எனக்குக் கோபம் வந்தால் என் கை இப்படி வெட்டும், ஆகவே அப்படி வெட்டும் கை கோபமான கை. இரண்டு உடம்புகளின் பழக்கம் ஒத்துப்போகும்வரை இந்தக் கணக்கு பிசகாது. ஒருவருடைய சாதாரண அசைவிலேயே வெட்டு கூடுதலாக இருந்தால், அவர் கோபமே இல்லாமல் கதவைச் சாத்தினாலும் பார்ப்பவருக்குக் கோபமாகத் தெரியும். 'ஏன் இப்படி முரட்டுத்தனமா நடந்துக்கிற' என்று திட்டு வாங்கும் பையன் தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் நிற்பான்.

2021-ல் குக்கின் பர்மிங்ஹாம் ஆய்வகம் இதை இன்னொரு பக்கத்திலிருந்து சோதித்தது. இந்த முறை ஆட்டிசம் உண்டா இல்லையா என்ற பிரிவை வைத்துக்கொள்ளவில்லை. பார்ப்பவரின் அசைவும் முக்கோணத்தை நகர்த்தியவரின் அசைவும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று அளந்தார்கள். ஒற்றுமை கூடும்போது மனநிலையைச் சரியாகச் சொல்வதும் கூடியது. அசைவு ஒற்றுமை ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அதற்குத் தெளிவான பங்கு இருந்தது.

முக்கோணத்தை விட்டு நிஜ மனிதர்களிடம் வந்தாலும் இதே கதைதான். இத்தாலியில் லூக்கா கசார்தெல்லியும் ஜாக்கோமோ ரிசோலாத்தியும் சேர்ந்த குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் ஒரே செயலை ஒருமுறை மென்மையாகவும் ஒருமுறை கடுமையாகவும் செய்து காட்டினார்கள். ஆட்டிசம் இல்லாத பெரியவர்கள் அதைப் பார்த்து மென்மையா கடுமையா என்று சொல்ல வேண்டும். மற்ற குழந்தைகளின் செயலில் அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் செயலில் வித்தியாசத்தைப் பிடிக்கத் தவறினார்கள். குழந்தை அன்பாகத் தருகிறதா, வேண்டாவெறுப்பாகத் தருகிறதா என்பதையே பெரியவர் தப்பாகப் படித்தால் அந்த உறவு என்னவாகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அசைவின் பங்கு புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஆட்டிசத்தின் முதல் விவரிப்புகளிலேயே அது இருக்கிறது. சோவியத் மனநல மருத்துவர் குருன்யா சுகரேவா 1920-களின் நடுவில் எழுதிய ஆய்வில், இன்று நாம் ஆட்டிசம் என்று அடையாளம் காணக்கூடிய ஆறு சிறுவர்களை விவரித்தபோது அவர்களுடைய அசைவில் இருந்த தடுமாற்றத்தையும் குறித்திருக்கிறார். லியோ கானர் 1943-ல் பால்டிமோரில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் 11 குழந்தைகள் வருகிறார்கள். தூக்குவதற்கு நாம் கை நீட்டினால் சில மாதக் குழந்தையே உடம்பைத் தயார்படுத்திக்கொண்டு நம் பக்கம் எழும்பும். இந்தக் குழந்தைகள் அப்படிச் செய்யவில்லை என்பதைக் கானர் பெற்றோரிடம் கேட்டுக் குறித்துவைத்தார். வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-ல் எழுதியதிலும் அசைவின் தடுமாற்றம் வருகிறது.

கானர் குறித்தது சாதாரண விஷயம் இல்லை. தூக்க வரும் கையைப் பார்த்து உடம்பைத் தயார் செய்வது அசைவா, சமூகப் புரிதலா? இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் பின்னால் வந்தவர்கள் பிரித்தார்கள். மனதைப் படிக்கும் கோட்பாடு 1985-க்குப் பிறகு அரங்கை நிறைத்துக்கொண்டதும், அசைவு பக்கக் குறிப்பாகச் சுருங்கியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேட்டிலும் ஆட்டிசத்தை உறுதிசெய்யும் அளவுகோல்கள் சமூகத் தொடர்பு ஒன்று, திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகளும் புலனுணர்வு வேறுபாடுகளும் இன்னொன்று. உடல் ஒருங்கிணைப்புச் சிரமம் கூடவே வரக்கூடிய ஓர் அம்சம் என்ற அளவில்தான் அதில் இடம்பெறுகிறது.

இடையில் அசைவையும் மனதையும் இணைக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. இத்தாலியின் பார்மா நகரில் 1990-களில் குரங்குகளின் மூளையில் கண்ணாடி நரம்பணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. தானே ஒரு பொருளை எடுக்கும்போதும், வேறொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் ஒருசேரத் துடிக்கும் அணுக்கள் இவை. ஆட்டிசத்தில் இந்தக் கண்ணாடி உடைந்திருக்கிறது என்ற கருத்தை 2006-ல் பரவலாக எடுத்துச்சென்றவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிஃபோர்னியாவில் ஆய்வு செய்த வி.எஸ். ராமச்சந்திரன். கேட்டதும் மனதில் ஒட்டிக்கொள்ளும் கருத்து, ஆகவே வேகமாகப் பரவியது. ஆய்வுகள் சேரச் சேர அது நிலைக்கவில்லை. கை எதற்காக நீள்கிறது என்பதை ஆட்டிசம் உள்ள பலர் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். 2013-ல் அன்டோனியா ஹாமில்டன் அதுவரை வந்த மூளைப் படங்களையும் அளவீடுகளையும் தொகுத்துப் பார்த்து, கண்ணாடி அமைப்பு முழுவதும் பழுதாகியிருக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார். இன்றும் சில மேடைகளில் 'உடைந்த கண்ணாடி' கேட்கிறது. பெற்றோர் அதை நம்பி மனம் உடைய வேண்டியதில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது பால்டிமோரில் 2009-ல் நடந்த ஓர் ஆய்வு. ஸ்டூவர்ட் மோஸ்டாஃப்ஸ்கி, ரெசா ஷாத்மேர் குழுவினர் குழந்தைகளிடம் ஓர் இயந்திரக் கைப்பிடியைக் கொடுத்து நகர்த்தச் சொன்னார்கள். கைப்பிடி வேண்டுமென்றே கையை ஒரு பக்கமாகத் தள்ளும். பழகப் பழக அந்தத் தள்ளலைச் சமாளித்துக் குழந்தைகள் நேராக நகர்த்தக் கற்றார்கள். கற்றதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எதை நம்பிக் கற்றார்கள் என்பதில்தான். ஒரு புதிய அசைவைக் கற்கும்போது மூளைக்கு இரண்டு வழிச் செய்திகள் வருகின்றன. கை எங்கே போகிறது என்று கண் சொல்வது ஒன்று. மூட்டும் தசையும் உள்ளிருந்து சொல்வது இன்னொன்று. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் கண்ணைக் காட்டிலும் உள்ளிருந்து வரும் செய்தியை அதிகம் நம்பினார்கள். அப்படி நம்புவது எவ்வளவு கூடியதோ, அவ்வளவு பின்னடைவு அந்தக் குழந்தையின் போலச்செய்தலிலும் சமூகப் பழக்கத்திலும் தெரிந்தது.

இதன் பொருள் ஆழமானது. சிரித்தால் திருப்பிச் சிரிப்பது, கை ஆட்டினால் திருப்பி ஆட்டுவது, வணக்கம் சொல்லும் அம்மாவைப் பார்த்துக் கை குவிப்பது எல்லாமே கண்ணால் பார்த்ததை உடம்புக்கு மாற்றும் வேலை. கண்ணில் படுவதைவிட உடம்பில் உணர்வதை வைத்துக் கற்கும் குழந்தைக்கு 'என்னைப் பார்த்துச் செய்' என்பது கடினமான பாடம். அதே குழந்தை, தானே செய்து செய்து தசையில் பதியவைத்த ஒன்றை உறுதியாகக் கற்றுக்கொள்ளக்கூடும். இது ஆய்வாளர்கள் நிரூபித்த கற்பித்தல் முறை அல்ல, அந்த முடிவிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. ஆனால் ஆக்குபேஷனல் தெரபி அறைகளில் செய்யவைத்தே கற்றுத்தருவதற்கு இப்படி ஒரு நியாயம் இருக்கிறது.

கைக்குழந்தைப் பருவத்துக்குப் போனால் அசைவுக்கும் சமூகப் புரிதலுக்கும் உள்ள பிணைப்பு இன்னும் தெளிவாகும். உடம்பின் மூட்டுகளில் மட்டும் சிறு விளக்குகளைப் பொருத்தி இருட்டில் நடக்கவிட்டால், பார்ப்பவர்கள் அந்தப் புள்ளிகளை உடனே நடக்கும் மனிதர் என்று சொல்லிவிடுவார்கள் என்று சுவீடனின் குன்னர் யோஹான்சன் 1973-ல் காட்டினார். பிறந்து இரண்டு நாளே ஆன குழந்தைகள்கூட இப்படிப்பட்ட உயிருள்ள அசைவுப் புள்ளிகளின் பக்கம் அதிகம் பார்க்கின்றன என்று இத்தாலியில் 2008-ல் தெரிந்தது. அடுத்த ஆண்டே அமி கிளின் குழு இரண்டு வயதுக் குழந்தைகளைச் சோதித்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் உயிர் அசைவின் பக்கம் தனியாக ஈர்க்கப்படவில்லை. அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. ஒலியும் அசைவும் ஒரே கணத்தில் சேரும் இடத்தை, கைதட்டும் ஓசையோடு புள்ளிகள் மோதும் இடத்தை, அவர்கள் கூர்ந்து பார்த்தார்கள். அவர்களுடைய கவனத்துக்கு வேறொரு ஒழுங்கு இருந்தது.

உடம்பு தாமதமானால் உறவும் கொஞ்சம் தாமதமாகும். உட்காரத் தெரிந்த குழந்தைக்கு இரண்டு கையும் விடுதலை, பொருளை எடுத்துக் காட்டலாம். நடக்கத் தெரிந்த குழந்தை பொம்மையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறையில் இருக்கும் பாட்டியிடம் போகும். பாட்டி அதற்குப் பெயர் சொல்வாள். மொழி அப்படித்தான் வளர்கிறது. ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் கைக்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், தொடக்க மாதங்களின் உடலசைவுத் தாமதம் பின்னாளைய பேச்சுத் தாமதத்தோடு சேர்ந்து வருவது தெரிந்திருக்கிறது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: தலை நிற்கவோ நடக்கவோ தாமதமானால் அது ஆட்டிசம் என்று முடிவு கட்டக் கூடாது. அதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு, சில குழந்தைகள் தங்கள் நேரத்தில் நடப்பவர்கள். டாக்டரிடம் காட்ட வேண்டும், பயப்பட வேண்டாம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் எத்தனை பேருக்கு உடலசைவுச் சிரமம் இருக்கிறது? அளக்கும் முறையைப் பொறுத்து விடை மாறுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆறு வயதுக்குட்பட்ட 2,084 குழந்தைகளின் மதிப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வில் 35.4 சதவீதம். அதே ஆண்டு அமெரிக்காவில் அஞ்சனா பட், 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பெற்றோர் நிரப்பிய வினாத்தாள்களை வைத்துச் சொன்னது 86.9 சதவீதம். சிறு குழந்தைகளிடம் தெரியாத சிரமம் எழுதுவது, பந்து பிடிப்பது, சைக்கிள் ஓட்டுவது என்று வயது ஏறும்போது தெரியவருவதும் இந்த இடைவெளிக்கு ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு அதிர்ச்சி தந்தது வேறொரு எண். ஆஸ்திரேலியப் பதிவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குழந்தைகளின் மதிப்பெண்ணிலேயே சிரமம் தெரிந்தும், மதிப்பீடு செய்தவர்கள் அதைத் தனியாகக் குறிப்பிட்டது 1.34 சதவீதக் குழந்தைகளுக்குத்தான். அமெரிக்கத் தரவிலும் பிசியோதெரபி கிடைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

நம் ஊரிலும் ஆட்டிசம் என்று தெரிந்ததும் பெற்றோரின் முதல் கவலை பேச்சு. ஸ்பீச் தெரபிக்கு அலைவார்கள், அலையத்தான் வேண்டும். ஆனால் சட்டைப் பட்டனைப் போட முடியாத, பென்சிலை அழுத்திப் பிடித்துக் கை வலிக்கும், பள்ளி பி.டி. வகுப்பில் எந்த அணியும் சேர்த்துக்கொள்ளாத குழந்தையின் சிரமம் 'சோம்பேறி', 'கவனம் இல்லை', 'அடம்' என்ற பெயர்களில் கரைந்துவிடுகிறது. மதிப்பீட்டுக்குப் போகும்போது உடல் ஒருங்கிணைப்பையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று பெற்றோர் வாய்விட்டுக் கேட்கலாம். கேட்காவிட்டால் விடுபட வாய்ப்பு அதிகம் என்பதைத்தான் அந்த 1.34 சொல்கிறது.

அசைவு என்றதும் கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, விரலைக் கண் முன் அசைப்பது எல்லாம் பலருக்கு நினைவு வரும். இவற்றை நிறுத்துவதே வெகுகாலம் சிகிச்சையின் இலக்காக இருந்தது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களையே உட்காரவைத்துக் கேட்டு 2019-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், இந்த அசைவுகள் தங்களை அமைதிப்படுத்துகின்றன, இரைச்சலும் உணர்ச்சியும் பெருகும்போது தாங்கிக்கொள்ள உதவுகின்றன என்று சொன்னார்கள். அடக்கச் சொல்லும் சிகிச்சையை எதிர்த்தார்கள். குழந்தை தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் தலையிடத்தான் வேண்டும். கையை உதறுவது யாருக்கும் கெடுதல் இல்லை. கல்யாண மண்டபத்தில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காகக் குழந்தையின் கையைப் பிடித்து அடக்குவது, அந்தக் குழந்தைக்கு இருக்கும் ஒரே பிடிமானத்தைப் பிடுங்குவது.

2012-ல் பிரிட்டனைச் சேர்ந்த சமூகவியலாளர் டேமியன் மில்டன் ஒரு கட்டுரை எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். புரிந்துகொள்ளாமை இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் விஷயம், அதை ஒருவருடைய குறையாக மட்டும் எழுதிவைப்பது தவறு என்றார். இரட்டைப் பரிவுச் சிக்கல் என்று அதற்குப் பெயர் வைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த முக்கோணச் சோதனை அவர் வாதத்துக்கு அளவீட்டில் கிடைத்த சான்று. ஆட்டிசத்தை உள்ளிருந்து வாழ்கிறவர் சொன்னதை ஆய்வகம் பின்தொடர்ந்து வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மில்டனின் கருத்துக்கு ஆதரவாகக் கிடைத்த சான்றுகள் எல்லாம் ஒரே அளவில் உறுதியானவை அல்ல. எடின்பரோவில் கேத்தரின் க்ராம்ப்டன் 2020-ல் 72 பேரை எட்டு எட்டுப் பேராக வரிசைப்படுத்தி, முதலாமவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்ல என்று கடத்தவைத்தார். எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையில் கதை, ஆட்டிசம் இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையைப் போலவே நன்றாகப் போய்ச்சேர்ந்தது. இரு தரப்பும் கலந்த வரிசையில் வழியில் அதிகம் தேய்ந்தது. அழகான முடிவு, உலகம் முழுவதும் பேசப்பட்டது. 2025-ல் அதே குழு 311 பேரை வைத்துப் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது கலந்த வரிசையின் அந்தத் தேய்மானம் தெரியவில்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் தகவலைக் கடத்துவதில் குறைந்தவர்கள் அல்ல என்ற பகுதி இரண்டு முறையும் நின்றது. கலந்தால் கெடும் என்ற பகுதிதான் விழுந்தது. அது விழுந்தது நல்லதுதானே.

உறுதியாக நிற்கும் முடிவு ஒன்று டெக்சஸிலிருந்து நோவா சாஸனும் குழுவினரும் 2017-ல் வெளியிட்டது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் தங்களைப் பற்றிச் சற்று நேரம் பேசியதைப் பதிவுசெய்து, முன்பின் தெரியாதவர்களிடம் கொடுத்தார்கள். சிலர் குரலை மட்டும் கேட்டார்கள். சிலர் ஓசையில்லாத படத்தை மட்டும் பார்த்தார்கள். சிலருக்கு இரண்டும். சிலருக்கு அசையாத ஒரு புகைப்படம். கடைசியாகச் சிலருக்கு, பேசியதன் எழுத்து வடிவம் மட்டும். இவரோடு பேச விரும்புவீர்களா, பக்கத்தில் உட்கார்வீர்களா என்று கேட்டார்கள். பார்த்தவர்களும் கேட்டவர்களும் சில விநாடிகளிலேயே ஆட்டிசம் உள்ளவர்களைத் தள்ளிவைத்தார்கள், மேலும் நேரம் கொடுத்தும் அது மாறவில்லை. எழுத்தை மட்டும் படித்தவர்களிடம் அந்தத் தள்ளல் அப்படியே மறைந்துபோனது. சொன்ன விஷயத்தில் எந்தக் குறையும் இல்லை. குறை என்று பட்டது குரலின் ஏற்ற இறக்கமும் முகமும் உடம்பின் அசைவும்தான்.

ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞர் வேலை இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பதை இந்த முடிவோடு சேர்த்துப் பார்க்கலாம். கண்ணைப் பார்க்கவில்லை, கை ஓர் இடத்தில் நிற்கவில்லை, சிரிக்க வேண்டிய நேரத்தில் சிரிக்கவில்லை. எதிரே இருப்பவர்கள் அவர் பதிலைக் கேட்கும் முன்பே முடிவெடுத்திருப்பார்கள். கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு நேரில் சந்தித்து வேலையையே செய்து காட்டச் சொன்னால் அந்த முதல் சில விநாடிகளின் பாரம் பெருமளவு குறையும். இதற்குத் தனிக் கருவி வேண்டாம், தனிப் பயிற்சி வேண்டாம். பள்ளியில் வாய்மொழித் தேர்வு நடத்தும் ஆசிரியரும், கல்லூரியில் வைவா எடுப்பவரும்கூட இதைச் செய்யலாம். வீட்டில் இன்னும் எளிது. மகன் கதவை அறைந்து சாத்தினால், கோபமா என்று அசைவிலிருந்து முடிவு கட்டாமல் அவனிடமே கேட்கலாம். வாயால் சொல்ல முடியாதவன் எழுதியோ, படத்தைத் தொட்டுக் காட்டியோ சொல்ல வழி செய்யலாம்.